சத்தத்தின் விலையைத் தருவது யார்?

மோட்டார் சைக்கிளின் பாகங்களிலேயே சைலன்சருக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. அதன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: சத்தத்தை அடக்குவது. தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பிய அந்தப் பாகத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, சத்தத்தை அடக்காத ஒன்றை அதே இடத்தில் பொருத்திக்கொள்ள இளைஞர்கள் கூடுதலாகப் பணம் செலவிடுகிறார்கள். சட்டம் இதைத் தடை செய்கிறது. காவல் துறை அவ்வப்போது சோதனை நடத்திப் பறிமுதல் செய்கிறது. விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில், கைப்பற்றிய சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மீது ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிய காட்சியையும் பார்த்தோம். ஆனாலும் தெருவில் சத்தம் குறைந்தபாடில்லை. ஏன் குறையவில்லை என்பது, பொருளாதாரம் விடை சொல்லக்கூடிய கேள்வி.

கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குச் செல்லும் சாலையில் ஞாயிறு மாலையிலோ, சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளில் கடைகள் அடைக்கும் இரவு நேரத்திலோ சற்று நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொலைவில் வெடிச்சரம் கொளுத்தியதுபோல ஓர் ஒலி தொடங்கும். இருபுறமும் உள்ள சுவர்களில் பட்டு எதிரொலிக்கும். யாருடைய வண்டி என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கடந்து போயிருக்கும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கும், அண்ணாமலை நகரில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவிக்கும் அந்த ஒலியால் எந்தப் பயனும் இல்லை. அதைக் கேட்காமல் இருக்கும் வழியும் அவர்களுக்கு இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி வகுப்பறையில் 'எதிர்மறைப் புறவிளைவு' என்னும் பாடத்தை நடத்தியவன் நான். ஒருவர் அனுபவிக்கும் பண்டத்துக்கான செலவின் ஒரு பகுதியை, அந்தக் கொடுக்கல் வாங்கலில் தொடர்பே இல்லாத மற்றொருவர் சுமக்க நேர்வதே எதிர்மறைப் புறவிளைவு. பாடநூல்கள் இதற்குத் தொழிற்சாலைப் புகையையும் ஆற்றில் கலக்கும் கழிவையும் எடுத்துக்காட்டாகக் காட்டும். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஏ.சி. பிகூ 1920-இல் வெளியிட்ட நலப் பொருளாதார நூலில் இந்தச் சிந்தனைக்கு உருவம் கொடுத்தார். தனியாருக்கு ஆகும் செலவுக்கும் சமூகத்துக்கு ஆகும் செலவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சந்தை தானாகச் சரிசெய்யாது என்பதும், அதைச் சரிசெய்ய அரசின் கை வேண்டும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர் அந்தப் பாடத்துக்குத் தெருவிலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டு. வாங்குபவர் கடைக்காரருக்குச் சில நூறோ சில ஆயிரமோ ரூபாய் தருகிறார். மீதி விலையைத் தெரு தருகிறது.

முதலில், இதனால் வண்டியின் திறன் கூடுகிறதா என்று பார்ப்போம். இளைஞர்கள் சொல்லும் முதல் நியாயம் அதுதான். அந்த நியாயம் முற்றிலும் கற்பனை அன்று. அதற்கு உண்மையான ஒரு வரலாறு உண்டு. டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் புகைபோக்கிக் குழாயின் வடிவம் திறனை நேரடியாகத் தீர்மானிக்கிறது. வெளியேறும் வாயுவின் அழுத்த அலை, வயிறு பருத்த அந்தக் குழாயின் மறுமுனையில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் நழுவும் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் இந்த நுட்பத்தை ஓர் அறிவியலாகவே வளர்த்தெடுத்தார். 1961-இல் அந்த நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று, அந்த அறிவை ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே சுசுகி வண்டியில் 50 சி.சி. பிரிவின் உலக வாகையர் பட்டத்தை அவர் வென்றார். நம் ஊரில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியும் டூ-ஸ்ட்ரோக்தான். அதன் குழாயை மாற்றினால் வேகம் மாறும் என்று அந்தக் கால மெக்கானிக்குகள் சொன்னதில் பொருள் இருந்தது.

இன்று தெருவில் ஓடும் வண்டிகளின் கதை வேறு. அவை ஏறத்தாழ அனைத்தும் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின்கள். வால்வுகளே வாயுவை அடைத்தும் திறந்தும் விடுவதால், குழாயின் பங்கு அங்கே மிகவும் சிறியது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிறகு, பெட்ரோலின் அளவைக் கணினியே முடிவு செய்கிறது. புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரி அந்தக் கணினிக்குத் தகவல் தருகிறது. அதே பாதையில் உள்ள வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைக் குறைக்கிறது. கணினியின் கணக்கை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால், கிடைக்கும் கூடுதல் திறன் உணர முடியாத அளவுக்குச் சிறியதாகவே பெரும்பாலும் இருக்கும். குறைந்த வேகத்தில் இழுவை குறைவதும் மைலேஜ் இறங்குவதும் உண்டு. வினையூக்கி மாற்றியோடு சேர்த்துக் குழாயைக் கழற்றினால், சத்தத்துடன் நஞ்சும் தெருவுக்கு வருகிறது. பந்தய வண்டிகளில் குழாய், கணினி, காற்றுப் பாதை என எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுகிறார்கள். தெருவோரப் பட்டறையில் அரை மணி நேரத்தில் நடப்பது அதுவன்று. சத்தம் கூடும்போது வேகம் கூடியதுபோலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்துக்குத்தான் பெரும்பாலும் பணம் கொடுக்கப்படுகிறது.

சத்தமாகப் போனால் மற்றவர்கள் விலகுவார்கள், விபத்து தவிரும் என்பது இரண்டாவது நியாயம். மேலை நாடுகளின் மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களும் நெடுங்காலமாக இதைச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981-இல் வெளியான விபத்து ஆய்வு, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கான ஆபத்து பெரும்பாலும் முன்புறத்திலிருந்தே வருகிறது என்று கண்டறிந்தது. சைலன்சரின் வாய் பின்புறம் நோக்கி இருக்கிறது. எதிரே வரும் லாரியை எச்சரிக்க, கடந்து வந்த தெருவை எழுப்புவதால் பயனில்லை. முகப்பு விளக்கும் தலைக்கவசமும் நிதானமும் செய்யும் வேலையைச் சத்தம் செய்யாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டியிலும் வாயு வெளியேறும் ஒலியை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. புதிய வண்டிகள் வெளியிடும் ஒலிக்கு உச்சவரம்பும் உண்டு: 80 சி.சி. வரை 75 டெசிபல்; 80-க்கு மேல் 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை ஐயமற உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி, புகை வரம்புகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவருக்கு முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அத்துடன் 3 மாதங்களுக்கு உரிமம் வைத்திருக்கும் தகுதியிழப்பும் உண்டு. 2021 ஜூலையில் அலாகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னௌ அமர்வு, மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களின் இரைச்சலைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2022 அக்டோபரில் தமிழக அரசும் போக்குவரத்து விதிமீறல்களுக்கான அபராதங்களை உயர்த்தியது. ஆகவே, சட்டம் போதவில்லை என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

டெசிபல் என்ற சொல் நாளிதழ்களில் அடிக்கடி வந்தாலும், அதன் கணக்கு பலருக்கும் பிடிபடுவதில்லை. அது சாதாரணக் கூட்டல் அளவுகோல் அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 80 டெசிபல் வரம்புக்குள் ஓட வேண்டிய வண்டி 100 டெசிபல் எழுப்பினால், சட்டத்துக்கு உட்பட்ட நூறு வண்டிகள் ஒரே நொடியில் உங்கள் வாசலைக் கடப்பதற்கு அது சமம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் இருக்கலாம். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடங்களில் இரவு வரம்பு 40. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே நாம் எங்கே நிற்கிறோம் என்பது புரியும்.

இந்தச் செலவு வெறும் எரிச்சல் அன்று. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. கெட்ட உறக்கம், இதய நோய், பிள்ளைகளின் படிப்பில் ஏற்படும் பின்னடைவு ஆகியவற்றை அது இரைச்சலோடு தொடர்புபடுத்தியது. ஓட்டுபவரும் தப்புவதில்லை. அமெரிக்கத் தொழில்சார் நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி, காதுக்குப் பாதுகாப்பின்றி 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அத்தகைய சத்தத்தைக் காதில் வாங்கியபடி அந்த ஊருக்குப் போய்த் திரும்பும் இளைஞன், ஒரு நாளைக்கு அவனது காது தாங்கக்கூடிய அளவை ஆலப்பாக்கம் தாண்டுவதற்கு முன்பே செலவழித்துவிடுகிறான்.

இவ்வளவு கடுமையான சட்டமும் இவ்வளவு தெளிவான கேடும் இருந்தும் வழக்கம் ஏன் மாறவில்லை? பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ், 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் இரைச்சல் வழக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1879-இல் லண்டனில் தீர்ப்பான வழக்கு அது. ஒரு மிட்டாய்த் தயாரிப்பாளர் உரலில் இடிக்கும் சத்தம், பக்கத்து வீட்டு மருத்துவர் புதிதாகக் கட்டிய ஆலோசனை அறையில் நோயாளியைப் பரிசோதிக்கவிடாமல் தடுத்தது. நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்றது. பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையென்றால், தீர்ப்பு எப்படி இருந்தாலும் இருவரும் பேசி இருவருக்கும் உகந்த ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருப்பார்கள் என்றார் கோஸ். இருவரும் அண்டை வீட்டார், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சத்தம் ஒரே இடத்தில் நின்றது. நம் தெருவின் நிலை நேர்மாறானது. சத்தம் நகர்கிறது, எழுப்பியவர் யாரென்று தெரியாது, பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர், ஒவ்வொருவரின் இழப்பும் சில நொடிகள். யாரும் யாருடனும் பேரம் பேச முடியாது. மக்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்க முடியாத இடம் இது. சட்டம்தான் பேச வேண்டும்.

ஆனால் சட்டம் எப்படிப் பேசுகிறது? 1968-இல் கேரி பெக்கர் வகுத்த பொருளியல் பார்வையில், குற்றம் செய்ய எண்ணுபவர் தண்டனையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. அது தனக்குக் கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறார். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அபராதம் 10,000 ரூபாய். பிடிபடும் வாய்ப்பு ஆயிரம் பயணங்களில் ஒரு முறை என்றால், ஒரு பயணத்துக்கான எதிர்பார்ப்புச் செலவு 10 ரூபாய். ஒரு தேநீர் விலைதான். அதே அபராதத்தை 1,000 ரூபாயாகக் குறைத்து, பத்துப் பயணங்களில் ஒரு முறை பிடிபடுவது உறுதியென்றால், எதிர்பார்ப்புச் செலவு 100 ரூபாய் ஆகிறது. தண்டனையின் கடுமையை விட அதன் நிச்சயமே நடத்தையை மாற்றுகிறது. நாமோ அபராதத்தை உயர்த்தினோம், நிச்சயத்தை உயர்த்தவில்லை. சிறப்புச் சோதனை நடக்கும் வாரத்தில் சைலன்சர் கழற்றப்படுகிறது. சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டப்படுகிறது.

இதில் இன்னொரு கண்ணியும் விடுபட்டுப் போகிறது. கடலூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "நான் போட மாட்டேன்னு சொன்னா, பையன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான் சார். அப்புறம் ஆயில் மாத்தக்கூட என்கிட்ட வர மாட்டான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாப் பட்டறைகளும் மறுத்தால் எவருக்கும் இழப்பில்லை. ஒருவர் மட்டும் மறுத்தால் அவருக்கு மட்டும் இழப்பு. தனியொருவரின் நல்லெண்ணத்தால் தீராத சிக்கல் இது. பஞ்சாப் சைலன்சர், இந்தோர் சைலன்சர், மெகாபோன் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் பண்டங்கள் இவை. இணையத்தில் சொடுக்கினால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. விற்பவர் வரி செலுத்தி விற்கிறார். வாங்கிப் பொருத்துபவர் தெருவில் குற்றவாளியாகிறார். திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவு, விதிகளுக்குப் புறம்பாக வண்டியை விற்கும் அல்லது மாற்றித் தரும் தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் வணிகருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் நம் கண்ணில் படும் நடவடிக்கைகள் எல்லாம் சாலையில் நிறுத்தப்படும் இளைஞன் மீதுதான்.

அந்த இளைஞனைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 'குறைகுடம் கூத்தாடும்' என்று பழமொழி சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அவன் வாங்குவது சத்தத்தை அன்று, கவனத்தை. பிரெட் ஹிர்ஷ் 1976-இல் எழுதிய நூலில் 'நிலைசார் பண்டங்கள்' என்று ஒரு வகையைக் குறிப்பிட்டார். மற்றவர்களிடம் இல்லாதவரை மட்டுமே அவற்றுக்கு மதிப்பு. கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எழுந்து நின்றால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது, கால்தான் வலிக்கும். சத்தமும் அப்படியே. தெருவில் முதல் வண்டி திரும்பிப் பார்க்க வைக்கும். பத்தாவது வண்டி அதைவிட உரக்க முழங்க வேண்டியிருக்கும். இந்தப் போட்டியில் வெல்பவர் சைலன்சர் விற்பவர் ஒருவரே.

அதே நேரத்தில், இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் என்பது வெறும் வண்டியன்று. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட், ராணுவத்தின் வண்டியாகவும் காவல் துறையின் வண்டியாகவும் ஊர்ப் பெரியவர்களின் வண்டியாகவும் இருந்தது. அதன் படபடப்பு அதிகாரத்தின் ஒலி. அந்த ஒலியை எளிய வீட்டுப் பிள்ளை தவணை கட்டி வாங்கும்போது, அவன் கேட்பது சமத்துவம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினார் என்பதற்காகவே ஒரு தலித் கல்லூரி மாணவர் வெட்டப்பட்டார் என்று எழுந்த புகார் நம்மைத் தலைகுனிய வைத்தது. ஆகவே இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த வண்டியை நிறுத்துவது என்பதை ஓட்டுபவரின் முகமோ உடையோ ஊரோ முடிவு செய்யக் கூடாது. கருவி முடிவு செய்ய வேண்டும். பல லட்ச ரூபாய் மதிப்புள்ள இறக்குமதி வண்டியும், மூன்றாம் கையாக வாங்கிய பழைய வண்டியும் ஒரே டெசிபல் மீட்டரின் முன் நிற்க வேண்டும். அளவின்றி நடக்கும் சோதனை, நீதி அன்று. அது ஆளைப் பார்த்துச் செய்யும் தேர்வு.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பாரிஸ் பகுதியின் இரைச்சலைக் கண்காணிக்கும் புருய்பாரிஃப் அமைப்பு, நள்ளிரவில் நகரைக் கடக்கும் ஒரே ஒரு மாற்றியமைக்கப்பட்ட ஸ்கூட்டர் பத்தாயிரம் பேர் வரை எழுப்பிவிடக்கூடும் என்று மதிப்பிட்டது. பிரான்ஸ் 2022 ஜனவரியில், சத்தம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கண்டறிந்து எண் பலகையைப் படமெடுக்கும் கருவிகளைச் சோதனை முறையில் நிறுவத் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் 2021 அக்டோபரில் இயற்றிய சட்டம், அபராதத்தை 1,000 டாலர் வரை உயர்த்தியதோடு, சட்டவிரோதக் குழாயைப் பொருத்தித் தரும் பட்டறைகளையும் பொறுப்பாக்கியது. ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர் விற்பதே குற்றமன்று. ஆனால் அது ஐ.நா.வின் 92-ஆவது வாகன ஒழுங்குமுறைப்படி சோதிக்கப்பட்டு, ஒப்புதல் முத்திரை பெற்றிருக்க வேண்டும். வாங்கும்போதே எது சட்டத்துக்கு உட்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியும்.

கடலூர் மாவட்டத்தில் தொடங்கக்கூடிய சில எளிய செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, புகைச் சான்று. ஒவ்வொரு வண்டியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை மையத்துக்குச் சென்றாக வேண்டும். அங்கே சைலன்சரின் வாய்க்குள்ளேயே கருவியை நுழைத்து, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். அதே சைலன்சர் எழுப்பும் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. நிறுத்தி வைத்த வண்டியின் ஒலியை அளப்பதற்கு ஐஎஸ் 10399 என்ற இந்தியத் தர நிர்ணயம் ஏற்கெனவே இருக்கிறது. புகைச் சான்றோடு ஒலிச் சான்றையும் சேர்த்தால், சோதனைக்காகக் காவலர் சாலையில் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியே சோதனைக்கு வரும். விதிகளை மத்திய அரசு திருத்த வேண்டும் என்பது உண்மைதான். அதுவரை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தங்கள் ஆய்வுகளில் ஒலியையும் அளக்கத் தொடங்கலாம்.

இரண்டாவது, நடவடிக்கை பட்டறையிலும் கடையிலும் தொடங்க வேண்டும். மாவட்டத்தின் சைலன்சர் விற்பனையாளர்களையும் மெக்கானிக்குகளையும் அழைத்து, ஒரு நாளைக் குறித்து, அதன் பின் எவரும் பொருத்துவதில்லை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். மீறுபவர் மீது 182-ஏ பாய வேண்டும். எல்லோருக்கும் பொதுவான தடை, நேர்மையான மெக்கானிக்குக்குப் பாதுகாப்பு. மூன்றாவது, அபராதம் சிறியதாக இருக்கட்டும். ஆனால் தவறாமல் விழட்டும். பிடிபட்ட வண்டியை, உற்பத்தியாளரின் அசல் சைலன்சரை மாட்டிக் காட்டிய பின்பே விடுவிக்கலாம். அதை மாட்டித் தரும் கூலி அதே மெக்கானிக்குகளுக்குப் போகட்டும்.

நான்காவது, அரசின் நேர்மை. பல்லொலி ஹாரன்களை மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி தடை செய்கிறது. ஆனால் நம் நெடுஞ்சாலையில் காற்று ஹாரன் முழங்காத பேருந்துப் பயணம் எத்தனை? 2005 ஜூலை 18 அன்று உச்சநீதிமன்றம் இரைச்சல் குறித்து வழங்கிய தீர்ப்பு, அமைதியாக வாழ்வதையும் உறங்குவதையும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. அந்த உரிமையைக் கூம்பு ஒலிபெருக்கியும் பேருந்து ஹாரனும் மீறும்போது பேசாதிருந்துவிட்டு, இருபது வயது இளைஞனிடம் மட்டும் அதை நினைவூட்டினால், அவன் சிரிப்பான். அவன் சிரிப்பதில் தவறும் இல்லை.

ஐந்தாவது, வேகத்தின் மீதும் எந்திரத்தின் மீதும் இளைஞர்களுக்கு உள்ள ஈர்ப்பை ஒழுங்குபடுத்துவது. தமிழ்நாட்டில் பந்தய ஓடுதளம் என்றால் இருங்காட்டுக்கோட்டையும் கோவையும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் இந்த மாவட்டத்துக்குத் தொலைவு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பொறியியல் கல்லூரிகளும், என்ஜினை அவிழ்த்துப் பார்க்கவும், குழாயின் வடிவம் திறனை எப்படி மாற்றுகிறது என்று அளந்து அறியவும் வாரம் ஒரு மாலை தங்கள் பட்டறையைத் திறந்து வைக்கலாம். வால்டர் காடன் செய்தது அதுவே. அவர் சத்தத்தைத் தேடவில்லை. சத்தத்தின் அலைக்குள் ஒளிந்திருந்த விதியைத் தேடினார். நம் இளைஞர்களில் சிலருக்காவது அந்த ஆர்வம் உண்டு என்பதை நான் அறிவேன். வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, தேர்வுத் தாளில் ஐந்து வரிக்கு மேல் எழுதாத மாணவன், கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் இடைவிடாமல் பேசுவான்.

ஒரு பண்டத்தின் முழு விலையையும் வாங்குபவர் தருவதே நியாயமான சந்தையின் முதல் இலக்கணம். உரத்த சைலன்சரின் விலைச் சீட்டில் நோயாளியின் கலைந்த உறக்கமும், தொட்டிலில் திடுக்கிட்டு அழும் குழந்தையும், பாதியில் நின்ற படிப்பும் எழுதப்படுவதில்லை. அவற்றை எழுதிச் சேர்ப்பதே அரசின் வேலை. தெருவில் நின்று குழாயை நசுக்குவதால் அது நடக்காது. விற்கும் இடத்தில் தடுத்து, சான்று தரும் இடத்தில் அளந்து, எல்லோரையும் ஒரே அளவுகோலால் நிறுத்தினால் நடக்கும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).